ஆலை ஜெயித்தது, கம்பெனி தோற்றது

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2011க்குள் அங்கு தயாரான கைபேசிகள் 50 கோடியை எட்டின. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. அப்படி ஓடிய ஆலை ஏன் மூடியது? ஐபோன் உற்பத்தியால் ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் வட்டாரம் மறுபடியும் களைகட்டியிருக்கும் இந்த நேரத்தில் அதற்கு முழுப் பதில் வேண்டும்.

வரித் தகராறுதான் காரணம் என்பார்கள். அது கடைசிக் காரணம். 2013இல் வருமான வரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. வழக்கில் சொத்து முடங்கியதால், நோக்கியாவின் கைபேசித் தொழிலை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் கைபேசி செய்து கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்ததும் பூட்டு விழுந்தது. ஆனால், உலகில் முதலிடத்தில் இருந்த நிறுவனம் தன் தொழிலையே விற்கும் நிலைக்கு எப்படி வந்தது?

பந்தயம் நடந்த இடம்

கைபேசி கணினியாக மாறிய கதையில் அதற்கு விடை இருக்கிறது. 1996இல் பாம் பைலட், சட்டைப்பையில் அடங்கும் கணினியாக வந்தது. அதே ஆண்டு நோக்கியா கம்யூனிகேட்டர் கணினியையும் தொலைபேசியையும் ஒன்றாக்கியது. 1999இல் ஜப்பானின் டோகோமோ தொடங்கிய ஐ-மோட், செய்தி, மின்னஞ்சல், வங்கிச் சேவையைக் கைபேசிக்குள் கொண்டுவந்தது. பிளாக்பெர்ரி அலுவலக மின்னஞ்சலை உடனுக்குடன் கையில் சேர்த்தது. 2007இல் ஐபோனும் 2008இல் ஆண்ட்ராய்டும் வந்த பிறகு, கருவி எவ்வளவு உழைக்கும் என்பதைவிட அதில் என்னென்ன செயலிகள் ஓடும் என்பதே வாங்குபவர் கேள்வியானது. நோக்கியாவின் சிம்பியன் இயங்குதளம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2011இல் நோக்கியா விண்டோஸுக்கு மாறியது; வாடிக்கையாளர்கள் கூடவே வரவில்லை.

மென்பொருளிலும் தரவுச் சேவையிலும் நடந்த அந்தப் போட்டியில் ஸ்ரீபெரும்புதூருக்கு எந்தப் பங்கும் இல்லை. முடிவுகள் பின்லாந்தில் எடுக்கப்பட்டன. விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இங்கிருந்தவர்கள்.

இப்போது செய்யவேண்டியது

நோக்கியாவுக்கு சார்ஜர் செய்து கொடுத்த சால்காம்ப், 2019இல் அந்த ஆலையையே வாங்கியது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதி 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. இந்த வளர்ச்சியை மனதார வரவேற்கவேண்டும். ஆனால் வடிவமைப்பு, சிப், இயங்குதளம் ஆகிய மூன்றும் இன்னமும் வெளியிலேயே முடிவாகின்றன. அடுத்த போட்டியில் ஆப்பிள் சறுக்கினாலும், உற்பத்தியை வேறு நாட்டுக்கு நகர்த்தினாலும் முதல் அடி இங்கேதான் விழும்.

மின்னணு உதிரிபாகங்களுக்கு 2025இல் தமிழக அரசு தனித் திட்டம் அறிவித்தது சரியான நடவடிக்கை. பல பிராண்டுகளுக்கும் பயன்படும் உதிரிபாகத் தொழில், ஒரு பிராண்டின் தோல்வியோடு சாகாது. வடிவமைப்புப் பணிகளும் சலுகை நிபந்தனைகளில் இடம்பெறவேண்டும். அதோடு, நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் தரும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், ஆலை மூடினால் ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் இழப்பீடும் மறுபயிற்சியும் தருவதற்கான நிதியை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லவேண்டும். கம்பெனிகளின் போட்டியில் யார் தோற்பார்கள் என்பதை நம்மால் தீர்மானிக்க முடியாது. தோல்வியின் செலவை யார் ஏற்பது என்பதை அரசால் தீர்மானிக்க முடியும்.