காசு கொடுத்த பிறகும் குத்தகையா?

கோவை வட்டாரத்துப் பஞ்சாலையில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் சென்ற மாதம் சங்க ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. மதர்போர்டு, புராசசர், மெமரி, பவர் சப்ளை என்று வரிசையாக விலை எழுதியிருந்தது. மகன் கல்லூரியில் படிக்கிறான். கம்பெனி தயாரித்து விற்கும் கம்ப்யூட்டரின் விலை கட்டுபடியாகாது. போனசில் பாதி, கைமாற்றில் பாதி என்று பணம் புரட்டி, உறுப்பு உறுப்பாக வாங்கி வந்து பையன் வீட்டுத் திண்ணையிலேயே பூட்டிவிட்டான். மில் மெஷினைப் பிரித்துப் பூட்டுகிற தகப்பனுக்குப் பிறந்த பிள்ளையல்லவா!

விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. ஆனால் வேலை நடக்க வேண்டுமானால் அதை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். கடைக்காரர் மூன்று வழி சொன்னாராம். முழு விலை கொடுத்து ஒரிஜினல் விண்டோஸ் லைசென்ஸ் வாங்கலாம். சில நூறு ரூபாய்க்கு எங்கிருந்தோ வரும் ஒரு ‘கீ’ வாங்கலாம். இல்லையென்றால் சும்மாவே பென் டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றாராம். “எதைச் செய்வது தோழர்? எது யோக்கியம்?” என்று கேட்டார்.

ஆபீசில் இருந்த ஒருவர் சட்டென்று சொன்னார்: “கோடிகோடியாகக் குவித்திருக்கும் கம்பெனிக்கு நம்முடைய காசு ஒரு கேடா? திருட்டு நகல் போடுங்கள், ஒன்றும் பாவமில்லை.” கேட்பதற்குச் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு சரியல்ல என்பதே என் அபிப்பிராயம். பாவ புண்ணியத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை.

முதலில் விற்பது என்ன என்று பாருங்கள். விண்டோஸ் 11-இன் சாதாரண வகைக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி அமெரிக்காவில் வைத்திருக்கும் விலை 139 டாலர். நம் பணத்தில் பதினோராயிரத்துக்கும் மேல். இவ்வளவு கொடுத்தால் சரக்கு நம்முடையதாகிவிடுமா? ஆகாது. சாஃப்ட்வேர் விற்கப்படவில்லை, உபயோகிக்க அனுமதி மட்டுமே தரப்படுகிறது என்று கம்பெனியின் ஷரத்திலேயே எழுதியிருக்கிறது. நம் பாஷையில் சொன்னால், கிரயம் இல்லை, குத்தகை.

அந்தக் குத்தகையிலும் இரண்டு ஜாதி உண்டு. தயாரான கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது. மதர்போர்டை வேறு ரகத்துக்கு மாற்றினால், பெரும்பாலும் லைசென்ஸும் அதோடு செத்தது. தனியாக வாங்கும் ‘ரீட்டெயில்’ லைசென்ஸை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே சமயத்தில் இரண்டில் ஓட்டக் கூடாது. லட்சக்கணக்கில் பெட்டி தயாரிக்கும் பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்த விலை, சகாய விலை. தன் கையால் பூட்டிய ஏழைப் பிள்ளைக்குத்தான் முழு விலை. மொத்தத்தில் எடுக்கும் வியாபாரிக்கு ஒரு விலை, கால் படி வாங்கும் கூலிக்காரிக்கு ஒரு விலை என்று நாம் கடைத்தெருவில் பார்க்காததா?

குத்தகை என்றதும் தஞ்சைத் தோழர்களுக்கு ஒரு செய்தி. 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களோடு ஒரு விசித்திரமான ஒப்பந்தம் வைத்திருந்தது. விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் பணம் கட்ட வேண்டும், அதில் மைக்ரோசாப்டின் சிஸ்டம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி! விதைக்காத நிலத்துக்கும் வாரம் அளக்கச் சொன்ன மிராசுதார்கூட வெட்கப்பட்டிருப்பான். அமெரிக்க சர்க்கார் வழக்குப் போட்ட பிறகுதான், 1994-இல் செய்துகொண்ட சமரசத்தில் இந்த முறையைக் கைவிட்டார்கள்.

வெளியேற்றமும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. புதிய விண்டோஸுக்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு உறுப்பு வேண்டும், புதிய தலைமுறை புராசசர் வேண்டும் என்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்களுக்கு உள்ளே இடமில்லை. குத்தகை விவசாயியைப் பாதுகாக்க 1955-இல் சென்னை ராஜ்யத்தில் ஒரு சட்டமாவது வந்தது. இந்தக் குத்தகைக்கு அதுவும் இல்லை.

இப்போது திருட்டு நகல் விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1975-இல் அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டரை உறுப்புகளாக விற்றார்கள். விலை 397 டாலர். வாங்கியவர்கள் நம் தோழரின் மகனைப் போலவே வீட்டில் உட்கார்ந்து ஈயம் உருக்கிப் பூட்டினார்கள். அதில் ஓட்ட பேசிக் என்ற மொழியின் புரோகிராமை எழுதி விற்றவர்கள் பில் கேட்ஸும் அவர் கூட்டாளி பால் ஆலனும். காகித நாடாவில் இருந்த அந்தப் புரோகிராமை ஜனங்கள் ஒருவருக்கொருவர் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். 1976 பிப்ரவரியில், இருபது வயது கேட்ஸ் அவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை, பெரும்பாலோர் திருடுகிறீர்கள் என்று சாடினார். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்றார்.

உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதில் நமக்குச் சண்டையில்லை. புரோகிராம் எழுதுகிறவனும் தொழிலாளிதான். ஆனால் பேசிக் மொழி யாருடையது? 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியின் இரண்டு ஆசிரியர்கள் மாணவர்களுக்காக உண்டாக்கியது. கேட்ஸ் அதை எழுதிச் சோதித்த மெஷின் எது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ராணுவ இலாகாவின் பணத்தில், அதாவது ஜனங்களின் வரிப்பணத்தில் ஓடியது. அந்தப் பங்குக்கு யாருக்குக் கூலி கொடுத்தார்கள்? கடிதத்தில் அந்தக் கணக்கு இல்லை.

அதைவிட வேடிக்கை பின்னால் வந்தது. 1998-இல், உலகப் பணக்காரராகிவிட்ட அதே மனிதர் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசினார். சீனாவில் ஜனங்கள் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுப்பதில்லை. திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும். அதற்கு அடிமைப்பட்டுப் போவார்கள், பிறகு எப்படி வசூலிப்பது என்று பார்த்துக்கொள்கிறோம் என்ற பொருளில் சொன்னார்.

தோழர்களே, இதை இரண்டு முறை படியுங்கள். திருட்டு நகல் அந்தக் கம்பெனிக்கு எதிரி இல்லை. கம்பெனிக்காக முன்னால் போய் நிலத்தை உழுது வைக்கிற ஏர். பென் டிரைவில் இனாமாக வாங்கிப் பழகிய பிள்ளை நாளை வேலைக்குப் போகிற இடத்தில் அதையே கேட்பான். முதலாளி லைசென்ஸ் வாங்குவான், சர்க்கார் ஆபீஸ் வாங்கும். வட்டியில்லாமல் கடன் கொடுத்துப் பண்ணைக்கு ஆள் பிடித்த கதைதான் இது.

ஆபத்து வேறு இருக்கிறது. திருட்டு நகலைத் தெரிந்தே கம்ப்யூட்டரில் உபயோகிப்பது நம் காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். லாபத்துக்காக உபயோகிக்கவில்லை என்றால் சிறையை விட்டு, ஐம்பதாயிரத்துக்குள் அபராதத்தோடு விடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அந்த ஐம்பதாயிரத்துக்கு நாம் எங்கே போவது? லைசென்ஸ் பூட்டை உடைக்க ஓட்டும் புரோகிராமோடு வேறு விஷமும் உள்ளே வரும். பாங்கிக் கணக்கின் ரகசிய எண் வெளியே போகும். சில நூறு ரூபாய் ‘கீ’க்களில் பல, ஏதோ கம்பெனிக்கோ பள்ளிக்கோ மொத்தமாகக் கொடுத்ததைப் பிரித்து விற்பவை. ஒருநாள் செல்லாமல் போனால் விற்றவனைத் தேட முடியாது.

அப்படியானால் பதினோராயிரத்தைக் கொட்ட வேண்டுமா? அவசியமில்லை. 1991-இல் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இருக்கிறது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூடி வளர்த்தது. நகலெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். அந்த உரிமையை லைசென்ஸே எழுதித் தருகிறது. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல வருஷங்களாக அதில்தான் படிக்கிறார்கள். நம் சென்னையிலேயே சி-டாக் என்ற மத்திய சர்க்கார் ஸ்தாபனம் 2007-இல் பாஸ் லினக்ஸ் என்று ஒன்றை வெளியிட்டது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அக்கறைதான் ஆள்வோரிடம் காணோம்.

எல்லாம் அதில் முடிந்துவிடும் என்று நான் புளுகமாட்டேன். டாலி கணக்கு படித்து வேலைக்குப் போக விரும்பும் பெண்ணுக்கு விண்டோஸ் தேவைப்படும். அப்படிக் கட்டாயமானால் ரீட்டெயில் லைசென்ஸையே கேளுங்கள், பில் வாங்குங்கள். மதர்போர்டு போனாலும் காசு போகாது. பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரை விற்கிறவர் ரீட்டெயில் வைத்திருந்தால், அதைத் தன்னிடமிருந்து நீக்கி உங்களுக்கு மாற்றித் தருகிறாரா என்றும் விசாரியுங்கள்.

தோழரின் மகன் லினக்ஸ் போட்டுவிட்டான். தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறது. சென்ற வாரம் சங்கக் கூட்ட நோட்டீசை அவன்தான் அடித்துக் கொடுத்தான். ஆபீசில் இருக்கிற பழைய பிரிண்டர் மட்டும் அந்தக் கம்ப்யூட்டரோடு முரண்டு பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறேன் என்றிருக்கிறான்.