மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பின் வீக்கம், கசிவா? மெடிக்கலில் மாத்திரை வாங்கும் முன் இதைப் படிங்க!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நடக்கவும் ஆரம்பித்தாச்சு. சில வாரம் கழித்து முழங்காலில் சூடு, வீக்கம், தையலில் லேசான கசிவு. உடனே பலரும் செய்வது, பக்கத்து மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதுதான். சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

எத்தனை பேருக்கு வருகிறது?

2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டு வந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய் ஆனது. நடுத்தரக் குடும்பங்களுக்கும் இந்த சிகிச்சை எட்டியது. இதில் தொற்று வருவது பொதுவாக 100 பேரில் 1 அல்லது 2 பேருக்குத்தான். ஆனால் வந்துவிட்டால் சாதாரண புண் மாதிரி ஆறாது.

மாத்திரை ஏன் போதாது?

செயற்கை மூட்டில் ரத்த ஓட்டம் கிடையாது. அதில் ஒட்டும் பாக்டீரியா தன்னைச் சுற்றி 'பயோஃபிலிம்' என்ற வழுவழுப்பான படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதற்குள் மருந்து சரியாக எட்டாது. மாத்திரை போட்டால் வலி குறையலாம், கிருமி உள்ளேயே இருக்கும். பிறகு மூட்டு நீரை ஊசியில் எடுத்துப் பரிசோதித்தாலும் எந்தக் கிருமி என்று தெரியாமல் போகலாம்.

தாமதித்தால் என்ன ஆகும்?

அறிகுறி தொடங்கிய முதல் சில வாரங்களில் வந்தால், மூட்டைத் திறந்து கழுவி, இடையில் உள்ள பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி, பொருத்திய மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நாள் கடந்தால் பெரும்பாலும் மூட்டையே கழற்ற வேண்டும். அந்த இடத்தில் ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, பிறகு புது மூட்டு பொருத்துவார்கள். அதாவது இன்னும் 2 ஆபரேஷன், அதற்கான செலவு, பல மாத முடக்கம்.

யார் உஷாராக இருக்கணும்?

கட்டுப்படாத சுகர், உடல் பருமன், புகைப்பழக்கம் உள்ளவர்கள், முடக்குவாதத்துக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். ஆபரேஷனுக்கு முன்பே 3 மாத சராசரி சுகரைக் கட்டுக்குள் கொண்டு வருவதும், சொத்தைப் பல், கால் புண்ணைச் சரிசெய்வதும் ஆபத்தைக் குறைக்கும்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

தையலில் கசிவு நிற்கவில்லை, சிவந்து சூடாக இருக்கிறது, காய்ச்சல் வருகிறது, குறைந்த வலி மறுபடி கூடுகிறது என்றால் அன்றைக்கே. ஆபரேஷன் முடிந்து பல ஆண்டுகள் ஆனாலும் இதே விதிதான். உடலில் வேறெங்கோ உள்ள தொற்று ரத்தம் வழியாக மூட்டுக்கு வரலாம். முதல் போன் மெடிக்கலுக்கு அல்ல, ஆபரேஷன் செய்த டாக்டருக்கு.