நிரல் எழுதுவதா கணினி அறிவியல்?

பொறியியல் சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. முன்பு, ‘கணினி அறிவியலில் இடம் கிடைக்குமா?’ என்றார்கள், இப்போது, ‘செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிறதே, அந்தப் படிப்பு இனி எதற்கு?’ என்கிறார்கள். நிரல் எழுதுவதே அத்துறை என்னும் எண்ணம் இரண்டிலும் ஒளிந்திருக்கிறது. வளாக நேர்காணலுக்காகவே பாடம் நடத்தும் கல்லூரிகள்தாம் அதை வளர்த்தவை என்பேன்.

அத்துறை உண்மையில் எதைத் தேடுகிறது என்பதற்குக் கான்பூர் ஐஐடியே நல்ல சான்று. 2002-இல் அங்கு மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் ஒன்றை நிறுவினார்கள். ஓர் எண் பகா எண்தானா என்பதை, அதன் இலக்கங்கள் கூடும்போதும் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி, ஐயத்துக்கிடமின்றிக் கண்டறிய வழிமுறை உண்டு என்பதே அது. மிக அரிதாகப் பிழைக்க வாய்ப்புள்ள விரைவுச் சோதனைகள் அதற்கு முன்பே இருந்தன. நடைமுறையில் இன்றும் பெரும்பாலும் அவையே பயன்படுகின்றன. சந்தையில் எதையும் மாற்றாத அந்த முடிவுக்குத்தான் 2006-இல் கோடல் பரிசு கிடைத்தது. ‘இது இயலுமா, இயலுமெனில் எவ்வளவு உழைப்பில்?’ என்ற நெடுங்காலக் கேள்வியை அது தீர்த்துவைத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு பேரெண் பகா எண் அன்று என விரைவில் அறியலாம். ஆனால், அதன் காரணிகளை விரைவில் பிரித்தெடுக்கும் வழி இன்றைய கணினிகளுக்குக் கிட்டவில்லை. ஆர்எஸ்ஏ மறையாக்கத்தின் காவல் அந்தக் கடினம்தான். போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி அதை உடைத்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டினார். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூன்று புதிய மறையாக்கத் தரங்களை வெளியிட்டது அந்த அச்சத்தினால்தான். உடைக்கும் கருவி கைக்கு வருமுன்பே, தாளில் எழுதிய ஒரு நிரூபணம் அரசுகளை நகர்த்தியிருக்கிறது.

மின்னணுக் கணினி பிறக்காத 1936-இல் ஆலன் டூரிங், எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடியாதா என்று சொல்லிவிடும் பொது வழிமுறை இருக்கவே முடியாது என நிறுவினார். செயற்கை நுண்ணறிவும் ஒரு நிரலே. அந்த எல்லை அதற்கும் பொருந்தும். அது நொடியில் எழுதித் தரும் ஆயிரம் வரிகள் வங்கியிலோ மருத்துவமனையிலோ சரியாக இயங்கும் என்று யாரேனும் பொறுப்பேற்று உறுதி சொல்லியாக வேண்டும். அந்த ஆளைத்தான் நம் பாடத்திட்டங்கள் உருவாக்கத் தவறுகின்றன.