கட்சிக்காரரின் இரகசியமும் கள்ள உறுதியும்

சட்டக் கல்லூரியிற் புதிதாகச் சேர்ந்த மாணவன் விடுமுறைக்கு ஊர் திரும்பினால், திண்ணையிலிருக்கும் பெரியவர் தவறாமற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "தம்பி, குற்றம் செய்தவன் என்று தெரிந்தும் அவனுக்காகப் பேசுவீரோ?" மாணவன் சிரித்து மழுப்புகிறான். அச்சிரிப்பே நமக்குக் கவலை தருகிறது. தான் ஏற்கவிருக்கும் தொழிலின் முதற் கேள்விக்கு விடை அறியாதவன், கறுப்பு அங்கி அணிந்த பின்னரா அதனைத் தேடப் போகிறான்?

விடை 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்திலே, 126ஆம் பிரிவில் இருக்கிறது. தொழில் நிமித்தம் கட்சிக்காரர் கூறியதை, அவரது வெளிப்படையான சம்மதமின்றிச் சட்டத்தரணி வெளியிடலாகாது. வழக்கு முடிந்து தொடர்பு அற்ற பின்னரும் அக்கடமை தீர்வதில்லை. பிரிவைக் காட்டிலும் சுவை மிக்கவை அதன் அடியிலுள்ள உதாரணங்கள்.

ஒருவன் வந்து, தான் கள்ளப் பத்திரம் செய்ததை ஒப்புக்கொண்டு, தனக்காக வாதாடும்படி கேட்கிறான். அது காக்கப்பட வேண்டிய இரகசியமே. குற்றவாளியென்று தெரிந்தவனுக்காக வாதாடுதல் குற்ற நோக்கமன்று எனச் சட்டமே கூறிவிடுகிறது. வேறொருவன் வந்து, கள்ள உறுதியைக் கொண்டு காணியொன்றைக் கைப்பற்ற வழக்குப் போடச் சொல்கிறான். அங்கே இரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றாமவன் கையாடற் குற்றம் சாட்டப்பட்டவன். வழக்கை ஏற்றபோது அவனுடைய கணக்குப் புத்தகத்தில் இல்லாத பதிவொன்று பின்னர் முளைத்திருப்பதைச் சட்டத்தரணி காண்கிறார். அதற்கும் பாதுகாப்புக் கிடையாது.

ஆகவே பெரியவருக்குச் சொல்ல வேண்டிய மறுமொழி இதுதான்: "பேசுவேன் ஐயா. ஆனால் அவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பொய் சொல்ல வைக்க மாட்டேன்." எதிர்த்தரப்பின் சான்று போதாது என்று வாதிப்பது வேறு, இல்லாத சான்றைப் படைப்பது வேறு.

"குற்றவாளி என்று தெரியும்" எனும் சொல்லும் அத்துணை எளிதன்று. யாருக்குத் தெரியும்? 1993இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசா என்பவர்மீது, அவர் நன்கறியாத சிங்கள மொழியில் எழுதிக் கைவிரல் அடையாளம் பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்டு வழக்கு நடந்தது. 1995இல் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. நீதியான விசாரணைக்கு அவருக்கிருந்த உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் கண்டது. "ஒப்புக்கொண்டவன்தானே" என்று சட்டத்தரணிகள் யாவரும் ஒதுங்கியிருந்தால், இந்த மீறல் எவர் செவிக்கும் எட்டியிராது.

வஞ்சகமோ முறைகேடோ செய்த சட்டத்தரணியை இடைநிறுத்தவும் நீக்கவும் 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1988இல் ஒழுக்க விதிகளும் வகுக்கப்பட்டன. மாணவர் இவற்றைத் தேர்வுக்காக மனனம் செய்வர், செய்யட்டும். ஆயினும் ஏழை மக்களை வாட்டுவன பெரும்பாலும் அவ்வளவு தூரம் எட்டாத சிறு துரோகங்களே. பணத்தை வாங்கிக்கொண்டு தவணைக்கு வாராமை; வந்தாலும் மறு தவணை கேட்டுப் போதல்; வழக்கு என்னவாயிற்று என்று கேட்கும் கட்சிக்காரரை அதட்டி அனுப்புதல்.

இம்மாணவரிற் பலர் நாளை "சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு" என்று பெயர்ப்பலகை மாட்டுவர். வாசிக்கத் தெரியாதவர் கைச்சாத்திடுமுன் உறுதியை அவருக்கு வாசித்து விளக்க வேண்டுமென்பது நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இட்ட கடமை. "எல்லாம் சரி, இதிலே கையை வையுங்கோ ஆச்சி" என்று எழுதுவினைஞர் அவசரப்படுத்தும்போது, நொத்தாரிசு தாமே எழுந்து வந்து, அந்த ஆங்கில உறுதியை அக்கிழவிக்குத் தமிழில் முதல் வரியிலிருந்து சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? கால் மணித்தியாலமா?