ஆண்களின் பருமனும் அதற்கான சத்திரசிகிச்சையும்



ஒரு பெண் பருத்தால் ஊரே கதைக்கும். ஆண் வயிறு வைத்தால், "ஆள் இப்ப நல்லாய் இருக்கிறார்" என்போம். இந்த வழக்கம் ஆண்களுக்கும் நல்லதல்ல. மூச்சு வாங்குவதையும் முழங்கால் நோவதையும் அவர்கள் வெளியே சொல்வதில்லை, வைத்தியரிடமும் போவதில்லை.

வேலணையில் நான் சந்தித்த ஒரு அக்கா, சுவிஸில் இருக்கும் தன் தம்பியைப் பற்றிக் கேட்டார். உணவகத்தில் இரவு வேலை, சலரோகமும் வந்துவிட்டது. "வயிற்றை வெட்டிச் சின்னனாக்கப் போகினமாம். வேண்டாம் எண்டு சொல்லட்டோ?" என்றார். திகதி குறித்த பிறகுதான் தம்பி வீட்டுக்கே சொல்லியிருக்கிறார்.

இந்தச் சத்திரசிகிச்சை புதிதல்ல. உயரத்தையும் நிறையையும் கொண்டு கணிக்கும் உடற்திணிவுச் சுட்டி 35 ஐத் தாண்டினால், சுவிஸில் 2011 முதல் கட்டாயக் காப்புறுதியே இதன் செலவை ஏற்கிறது. 170 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு அது சுமார் 101 கிலோ. ஆசியருக்குக் குறைந்த நிறையிலேயே சலரோகம் வருவதால், எங்களுக்கு 27.5 இலிருந்தே இதைப் பரிசீலிக்கலாம் என்று 2022 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் கூறுகிறது.

ஒரு முறையில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கு வரை அகற்றப்படும். மற்றதில் இரைப்பையின் சிறு பகுதி மட்டும் விடப்பட்டு, நேரே சிறுகுடலுடன் இணைக்கப்படும். பசியைத் தூண்டும் சுரப்புகளும் மாறுவதால் பசி குறையும். முதல் ஓரிரு ஆண்டுகளில் உடல் நிறையில் கால்வாசியளவு குறைவதுண்டு; பலருக்குச் சலரோகமும் கட்டுப்படும்.

உலகளவில் இதைச் செய்துகொள்வோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பெண்கள். ஆண்கள் பெரும்பாலும் வயதும் நிறையும் கூடி, நோய்கள் சேர்ந்த பின்னரே வருகிறார்கள். அதனால் ஆபத்தும் கூடுகிறது. இந்தியாவில் நிதின் கட்காரி 2011 இல் இதைச் செய்துகொண்டார். 2014 இல் செய்துகொண்ட அருண் ஜெட்லிக்கோ, பின்னர் மற்றொரு வைத்தியசாலையிலும் சிகிச்சை தேவைப்பட்டது. 2024 இல் சென்னைப் புறநகரின் தனியார் வைத்தியசாலை ஒன்றில் இச்சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அனுபவமுள்ள இடங்களில் உயிராபத்து மிகக் குறைவு. ஆகவே விளம்பரத்தையும் விலையையும் பார்த்து இடத்தைத் தெரிவு செய்யக்கூடாது. இலங்கையில் கொழும்பின் அரச வைத்தியசாலைகளிலும் இது செய்யப்படுகிறது.

அந்த அக்காவிடம், "வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பிறகு எப்படிச் சாப்பிடப் போகிறாய், ஆர் பார்ப்பினம் என்று கேளுங்கள்" என்றேன். சத்திரசிகிச்சை ஒரு நாளில் முடியும். அதற்குப் பின்னான கவனிப்பு வாழ்நாள் முழுவதும் வேண்டும். முதல் வாரங்களில் திரவ உணவு மட்டும். பிறகு சிறிது சிறிதாக, மென்று, புரத உணவை முதலில் சாப்பிட வேண்டும். விற்றமின், இரும்பு, கல்சியம் மாத்திரைகளை நிறுத்தக்கூடாது. மதுவைத் தவிர்க்க வேண்டும். முன்னரைவிட விரைவாகத் தலைக்கேறும், சிலர் அதற்கு அடிமையாவதுமுண்டு. பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் நிறையும் திரும்பும்.

எங்கள் தாய்மார் 1990 இன் இடப்பெயர்வையும் பொருளாதாரத் தடைக்காலத்தையும் கண்டவர்கள். மகனுக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போடுவது அவர்களுக்கு ஆறுதல். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வள்ளம் வலித்த தகப்பன் சாப்பிட்ட அளவை, ஓட்டோவில் இருந்து வேலை செய்யும் மகனின் உடல் தாங்காது. சோற்றைக் குறைத்து மீனையும் கீரையையும் கூட்டினால் அன்பு குறையாது.

போர் எத்தனையோ வீடுகளில் ஆண்களைப் பறித்தது. மிஞ்சியிருக்கும் ஒருவரையும் தடுக்கக்கூடிய நோய்க்குக் கொடுக்கலாமா? "குண்டன்" என்று பகிடி பண்ணுவதும் அவரைத் திருத்தாது. இன்னும் ஒளிக்கவே செய்யும்.

இந்த மாதம் ஒன்று செய்யுங்கள். தையல் நாடாவால் வீட்டு ஆண்களின் இடுப்பை அளவுங்கள். 90 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் குருதியழுத்தத்தையும் சீனியையும் பரிசோதிக்க அழைத்துச் செல்லுங்கள். நெடுந்தீவுச் சகோதரிகள் இதற்காகக் குறிகாட்டுவானுக்குப் படகேறத் தேவையில்லை. உங்கள் வைத்தியசாலையிலேயே தொடங்கலாம். "தனியப் போ" என்று சொல்லாமல் கூடவே போங்கள்.