வாயிலும் வாய்மொழியும்

இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில் மலைமேல் அமைந்த பழநகரம் பெரூஜியா. அங்கே அயல்நாட்டவர்க்கென 1921ஆம் ஆண்டில் தொடங்கிய பாடவகுப்புகள் இன்று ஒரு பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளன. ஒரு கோடை விடுமுறையில் இத்தாலிய மொழி கற்க அங்குச் சென்றிருந்தோம். இருபது ஆண்டுகள் தமிழ் கற்பித்த நாம், 'என் பெயர்' என்று தொடங்கும் முதற்பாடத்தில் மாணவராய் அமர்ந்தோம்.

தமிழர்க்கு அம்மொழியில் சில எளிமைகள் உண்டு. நம் 'வந்தேன்' போல, எழுவாயைச் சொல்லாமலே வினைமுற்று ஆளைக் காட்டிவிடும். படு, பட்டு என ஒற்று மிகுந்தால் பொருள் மாறுவதை அறிந்த செவிக்கு, 'பாலா' என்றால் மண்வாரி, 'பல்லா' என்றால் பந்து என்பது உடனே பிடிபடும். எனினும் காய்கறிக் கடையில் இவ்விலக்கண அறிவு கைகொடுக்கவில்லை. நாம் மனத்துள் தொடரைக் கட்டி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர் வாங்கிச் சென்றுவிட்டார். கடைக்கார அம்மையார் நகைக்கவில்லை. நாம் சுட்டிய தக்காளியை எடுத்து, அதன் பெயரை மெல்லச் சொல்லி, நாம் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தார்.

பல்கலைக்கழகத்தின் எதிரிலேயே கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எத்ருஸ்கர் எழுப்பிய கல்வாயில் நிற்கிறது. பின்னாளில் அகஸ்டஸ் எனப்பட்ட ஒக்டேவியன் கி.மு. 40இல் நகரை வென்றபின், 'அகுஸ்தா பெரூசியா' என்ற இலத்தீன் எழுத்துகள் அதன்மேல் பொறிக்கப்பட்டன. இன்று அதன் கீழே இளைஞர்கள் இத்தாலிய மொழியில் அரட்டையடித்தபடி நடக்கின்றனர். 1822இல் அவ்வூரில் கிடைத்த நீண்ட எத்ருஸ்கக் கல்வெட்டொன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறிஞர்கள் அதன் எழுத்துகளைப் படித்துவிடுகின்றனர். பொருளோ முழுதும் விளங்கவில்லை. பேசுவோர் மறைந்ததும் கல்லால் எழுத்தை மட்டுமே காக்க முடிந்தது.

தமிழ் 2004இல் செம்மொழியென அறிவிக்கப்பட்டபோது நாமும் மகிழ்ந்தோம். தொன்மை பெருமைக்குரியதே. ஆனால் அது மட்டும் ஒரு மொழியைக் காத்துவிடாது என்பதை அவ்வாயில் உணர்த்தியது. வட்டார வழக்கில் விடை சொல்ல எழுந்த மாணவர்களை 'நல்ல தமிழில் சொல்' என்று எத்தனை முறை இடைமறித்திருப்போம்! அவர்களுள் சிலர் பிறகு வகுப்பில் வாய் திறக்கவேயில்லை. எழுத்துத் தமிழைக் கற்பிக்கத்தான் வேண்டும். அதற்காக, வீட்டிலிருந்து அவர்கள் கொண்டுவரும் தமிழை நாணச் செய்யலாகாது.

இப்போதெல்லாம் மாணவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறோம், திருத்தம் பிறகுதான். அது நமக்கு அந்தக் காய்கறிக் கடையில் கிடைத்த பாடம்.