இரட்டைப் பிள்ளைக்கு ஸ்கேன் - கூலி பிடிக்காமல் வேண்டும்



பிரட்டில் நிற்கும் பெண்ணுக்கு வயிறு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்துவிட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பதில்லை. "என்னாடி, ரெட்டை வாழைப்பழம் தின்னியா?" என்று ஒரு பாட்டி கேட்பார். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தால் "ஆம்பளையா பொம்பளையா?" என்று லயமே கூடிக் கேட்கும். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நச்சுக்கொடி ஒன்றா, இரண்டா? இரட்டைக் கர்ப்பத்தில் முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

இரண்டு பிள்ளைக்கும் தனித்தனி நச்சுக்கொடி இருந்தால் அவரவர் பங்கு அவரவருக்கு. ஒரே நச்சுக்கொடியாக இருந்தால்தான் சங்கடம். லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே தண்ணீர்க் குழாய் இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டில் பீப்பாய் வழியும். அடுத்த வீட்டில் வாளி காயும். வயிற்றுக்குள்ளும் அப்படித்தான். இரண்டு பிள்ளைகளின் ரத்தக் குழாய்களும் அந்த ஒரே கொடியில் இணைந்திருப்பதால், ஒரு பிள்ளையின் ரத்தம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவது உண்டு. கொடுக்கிற பிள்ளை வற்றிப்போகும். வாங்குகிற பிள்ளைக்கு இருதயம் தாங்காது. ஒரே கொடி உள்ள 100 இரட்டைகளில் ஏறக்குறைய 10 முதல் 15 வரை இப்படி ஆகிறது. கவனிக்காமல் விட்டால் இரண்டையும் இழக்க நேரும். முன்கூட்டிக் கண்டுபிடித்தால், பெரிய மருத்துவமனைகளில் லேசர் கொண்டு அந்த இணைப்புக் குழாய்களை அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. அதுவே நல்ல வழி என்று 2004-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

கொடி ஒன்றா இரண்டா என்பது 14 வாரத்துக்கு முன் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். பிள்ளை வளர்ந்த பிறகு பார்த்தால் டாக்டருக்கே குழப்பம். இங்கேதான் நம் வழக்கம் குறுக்கே நிற்கிறது. "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம், கண்ணு பட்டுடும்" என்று மறைத்து வைக்கிறோம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், அது உங்கள் விருப்பம். கிளினிக் தாதியிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். தாதி கண் யாருக்கும் படாது. டாக்டரிடம் மலாயில் கேட்க வேண்டுமானால், நச்சுக்கொடிக்கு 'உரி' என்று பெயர். "உரி சாத்து கெ டுவா?" என்று கேளுங்கள். பதிலைப் பிங்க் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது வளர்ச்சி. ஒற்றைப் பிள்ளை என்றால் தாதி வயிற்றில் டேப் வைத்து அளந்து ஓரளவு சொல்லிவிடுவார். இரட்டைக்கு அந்த டேப் உதவாது. ஒன்று கொழுத்து ஒன்று மெலிந்தாலும் மேலே வயிறு ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்கேனில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். 28-ஆம் வாரத்தில் ஒரு பிள்ளை 1,100 கிராம், மற்றது 800 கிராம் என்று வையுங்கள். வித்தியாசம் 300 கிராம். பெரிய பிள்ளையின் எடையில் 27 விழுக்காடு. 20, 25 விழுக்காட்டைத் தாண்டினாலே டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். தொப்புள்கொடியில் ரத்தம் சரியாக ஓடுகிறதா என்றும் பார்ப்பார்கள். ஸ்கேன் சொல்லும் எடை தராசு எடை அல்ல. கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று இருக்க முடியாது என்பது அதனால்தான். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எவ்வளவு ஏறியது என்பதே முக்கியம்.

சின்னப் பிள்ளை மெலிந்திருந்தால் மாமியார்மார் உடனே மருமகளைத்தான் பிடிப்பார்கள்: "ஒழுங்கா சாப்பிட்டாத்தானே!" அம்மா, நீங்கள் ஊட்டும் சோறு இரண்டு பிள்ளைக்கும் ஒரே ரத்தத்தில்தான் போகிறது. ஒன்றுக்குப் போய்ச் சேராதது கொடியின் கோளாறு. அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்?

இந்த யந்திரம் பிறந்த கதையும் தொழிலாளர் கதைதான். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒலி அனுப்பிக் கண்டுபிடிக்கும் கருவி ஸ்காட்லாந்தில் ஒரு கொதிகலன் ஆலையில் இருந்தது. கிளாஸ்கோ டாக்டர் இயான் டொனால்ட் 1955-இல் நோயாளிகளிடமிருந்து அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். 1958-இல் கட்டுரை வெளிவந்தது. கொதிகலனுக்குச் செய்தது கர்ப்பிணிக்கு வந்தது.

சரி, எத்தனை தடவை போக வேண்டும்? இரண்டு கொடி என்றால் 20 வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஒரே கொடி என்றால் 16 வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சுமார் பத்துத் தடவை. இதற்கு நிபுணர் வேண்டும். சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பாலிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்கு வந்து, நம்பர் எடுத்து, உட்கார்ந்து, திரும்பினால் ஒரு நாள் போயிற்று. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளாக வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி. பத்து நாள் என்றால் 650 வெள்ளி! பஸ் கூலி, சாப்பாடு தனி. ஆகவேதான் "போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு" என்று நம் பெண்கள் நடுவில் இரண்டு ஸ்கேனை விட்டுவிடுகிறார்கள். அறியாமை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள்.

2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. நல்ல காரியம். ஆனால் பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன் அந்த விடுப்பைத் தொடங்க முடியாது. 16-ஆம் வாரத்து ஸ்கேனுக்கு அது எப்படி உதவும்? கிளினிக்கில் கொடுப்பதும் பெரும்பாலும் டைம் சிலிப்தான், எம்.சி. அல்ல. சிலிப்பைக் காட்டினால் கிராணி "சரி, போ" என்பார்; மாதக் கடைசியில் கூலி குறையும். காண்ட்ராக்டரிடம் வேலை செய்பவர் பாடு இன்னும் மோசம். நாளைக்கு வேலையே இருக்குமோ என்னவோ.

ஆகவே நான் சொல்வது இது. இரட்டைக் கர்ப்பம் என்று பிங்க் புத்தகத்தில் எழுதியிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் ஸ்கேன் நாள் சம்பளத்தோடு கூடிய நாளாக இருக்க வேண்டும். இது அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும். ஒரு தோட்டத்தில் வருஷத்துக்கு எத்தனை இரட்டை வரப்போகிறது? நிர்வாகம் இதனால் முழுகிவிடாது. போக்குவரத்துக்குத் தோட்டத்து வேனையும் கேட்கலாம்.

அதுவரை, வயிறு திடீரென்று ஓரிரு நாளில் கெட்டியாகப் பெருத்தால், மூச்சு முட்டினால், அல்லது பிள்ளைகளின் அசைவு குறைந்தால், அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நடு ராத்திரியானாலும் சரி. ஸ்கேனுக்குப் போன நாளுக்குக் கூலி பிடித்திருந்தால், அந்தச் சம்பளச் சீட்டையும் டைம் சிலிப்பையும் கிழித்துப் போடாமல் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். பேச்சு மேசையில் வைப்பதற்கு அவை வேண்டும்.